விதா வீட்டுச் சுவரில் மாட்டாத விளக்கு

விதா பிறந்தது கயிற்றுச் சந்து வீட்டில். கல்யாணமாகிக் குடித்தனம் நடத்தியதும் அதே வீட்டில்தான். மாமியார் வீடு என்று ஒன்று அவளுக்கு வாய்க்கவில்லை. புருஷன் பீனோ தன் துணிப்பையோடு இங்கே வந்து சேர்ந்துகொண்டான். அப்பாவைக் கடைசிக் காலத்தில் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்தது இங்கே. பிறகு பீனோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் இங்கே. மிஞ்சியது மகள் ரொசால்பா ஒருத்தி. காலையில் துறைமுகத்துக் கொட்டகையில் நின்றபடியே மட்டி உடைக்கிற வேலை, மத்தியானம் வீடு, ஞாயிற்றுக்கிழமை பூசை. கலமோராவின் பழைய ஊரில் ஒரு காலத்தில் சந்துக்குச் சந்து இப்படிப் பெண்கள் இருந்தார்கள். இப்போது தேடித்தான் பார்க்கவேண்டும்.

மற்றவர்களெல்லாம் பாலத்தைத் தாண்டிப் புது ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை. பழைய ஊரில் வீடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கின்றன. ஆள் காலி செய்த வீட்டு வாசலை நகராட்சி செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போகிறது. சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளவேண்டும். அதற்குள் விளக்குக் கம்பத்தை எங்கே நடுவது? முன்பெல்லாம் ஜன்னல்களில் இருந்து விழுகிற வெளிச்சமே நடக்கப் போதுமானதாக இருந்தது. ஆட்கள் போனபோது அந்த வெளிச்சத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். குளிர்காலத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கே கயிற்றுச் சந்தில் கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான்.

ரொசால்பாவுக்குப் புது ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வயதானவர்களைத் தூக்கி உட்காரவைப்பது, விழுந்தவர்களை எழுப்புவது, துடைத்துவிடுவது. சாயங்கால முறை முடிந்து பஸ்ஸில் வந்து பாலத்தடியில் இறங்கி, அந்தச் சந்து வழியாகத்தான் வீட்டுக்கு வரவேண்டும். அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே விதா ஒரே பாடத்தை ஓதி வந்தாள்: சந்துக்குள் கால் வைத்துவிட்டால் நிற்காதே, யார் கூப்பிட்டாலும் திரும்பாதே, அழுதாலும் சரி, செத்தாலும் சரி, நேராக வீட்டுக்கு வா. மகள் வரும்வரை விதா கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் காத்திருப்பாள். காலடிச் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து, மகளை உள்ளே இழுத்து, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவாள். வாழ்க்கையில் அவள் கேட்டது அவ்வளவுதான், இந்தப் பெண் தன்னோடு இருக்கவேண்டும், முழுசாக வீடு வந்து சேரவேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சிக்குப் புத்தி வந்தது. சந்துகளில் கம்பம் நட முடியாவிட்டால் என்ன, வீட்டுச் சுவர்களில் இரும்புக் கை பதித்து அதில் விளக்கு மாட்டலாம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். விளக்கும் மின்சாரமும் நகராட்சியுடையது, சுவர் மட்டும் வீட்டுக்காரருடையது. வீட்டுக்குப் பங்குதாரர் எத்தனை பேரோ அத்தனை பேரும் சரி என்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாதா? ஒருவர், வெளிச்சம் தன் படுக்கையறைக்குள் வரக்கூடாது என்றார். இன்னொருவர், எதிர்வீட்டு விளக்கைவிடத் தன் வீட்டு விளக்கு சின்னதாக இருந்தால் சம்மதிக்க முடியாது என்றார். ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே பெரும்பாலோர் சரி சொல்லிவிட்டார்கள்.

கயிற்றுச் சந்தில் மற்ற வீடுகளெல்லாம் அடைபட்டவை. அவற்றின் வாரிசுகள் எந்தக் கண்டத்தில் இருக்கிறார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். விளக்கு மாட்டத் தோதான சுவர் விதா வீட்டுச் சுவர் ஒன்றுதான். அளக்க வந்த சர்வேயர் ஸ்பினெல்லி வெளியூர்க்காரர், சுத்தமான சட்டைக்காரர். வீடு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். அப்பா பேரில் என்றாள் விதா. அப்பா பாகம் பிரிக்காமலே போய்விட்டார். அதனால் பாதி இவளுக்கு, பாதி அண்ணன் நூன்சியோவுக்கு.

"அப்ப அவரும் சரின்னு சொல்லணும்மா," என்றார் சர்வேயர்.

"அவரு எங்கூடப் பேசுறதில்ல."

"பேச வேண்டாமே. ஒரு பதிவுத் தபால் போட்டுடுங்க. சட்டப்படி அதான் சுத்தம். நானே எழுதித் தர்றேன்."

விதா சரி என்று தலையாட்டினாள். நேரில் போய் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் காரியம் முடிகிறதே என்று அவளுக்கு உள்ளூர நிம்மதி. இதுதான் அவள் செய்த முதல் தப்பு. எங்கள் ஊரில் பதிவுத் தபால் என்றால் ஒன்று வரி பாக்கி, இல்லாவிட்டால் கோர்ட்டு. சொந்தத்துக்குள் ஏதாவது கேட்பதென்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கடையில் இனிப்புத் தட்டு வாங்கி, ரிப்பன் கட்டி, கையில் ஏந்திக்கொண்டு போய், காப்பி குடித்து, ஊர்வம்பெல்லாம் பேசி, எழுந்திருக்கிற சமயத்தில் வாசற்படியில் நின்று கேட்கவேண்டும். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிற விதாவுக்கு இது தெரியாதா? தெரியும். ரோஷம் கண்ணை மறைத்தது.

அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அப்பா செத்த வருஷம் வாசல் கதவின் பூட்டு கெட்டுப்போனது. பீனோ புதுப் பூட்டு வாங்கி மாட்டினான். மச்சானுக்கு ஒரு சாவி கொடுக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. விதாவுக்குத் தோன்றியது, ஆனால் கொடுக்கவில்லை. கேட்டால் கொடுப்போம் என்று இருந்துவிட்டாள். நூன்சியோவா கேட்கிற ஆள்? ஒரு நாள் வந்தார், பழைய சாவியைப் போட்டுத் திருகினார், திறக்கவில்லை, திரும்பிப் போய்விட்டார். அதோடு சரி. எங்கள் சட்டத்தில், ஒரு வீட்டை இருபது வருஷம் கேள்வி கேட்பாரில்லாமல் சொந்தக்காரராக ஆண்டு அனுபவித்தால் வீடு அவருக்கே என்று ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கும் கலமோராவில் இந்த ஒரு சட்டம் மனப்பாடம். பூட்டு மாற்றியதற்கு நூன்சியோ கண்ட அர்த்தம் அதுதான். இப்போது பதிவுத் தபாலும் வந்து சேர்ந்தது. தபால்காரர் முன்னாலேயே அதை இரண்டாகக் கிழித்தாராம்.

இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவன் ஒரோன்சோ. சந்து முனையில் காப்பிக்கடை வைத்திருப்பவன். ஊரில் யார் யாரோடு பேசுவதில்லையோ அவர்களுக்கெல்லாம் நடுவில் இவன்தான் வாய்.

"ஏன்க்கா, உனக்கு அறிவு இருக்கா? கூடப் பொறந்தவனுக்குப் பதிவுத் தபால் போடுவாங்களா? அதுக்குப் பேசாம அவரு வாசல்ல ஒரு சவப்பெட்டி இறக்கியிருக்கலாம்."

"சர்வேயர் சொன்னாரு."

"சர்வேயருக்கு அண்ணன் தங்கச்சி இருக்கா? சுவரு மட்டும்தான் தெரியும் அவருக்கு. ஞாயித்துக்கிழமை தட்டு வாங்கிட்டுப் போ. வாயைத் தொறந்து கேளு. ரெண்டு திட்டு திட்டுவாரு, வாங்கிக்க."

விதா போனாள். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கிரீம் வைத்த பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு, புது ஊரில் அண்ணன் குடியிருக்கிற மாடிப்படிகளை ஏறிக் கதவைத் தட்டினாள். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. நூன்சியோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், பெரிய உடம்பு. இடுக்கில் பாதி முகம்தான் தெரிந்தது. இவ்வளவு நரைத்துவிட்டாரா என்று விதாவுக்கு மனசு இளகியது.

"யாரு?"

"நான்தாண்ணே. விதா."

"எந்த விதா? பதிவுத் தபால் போடுற விதாவா?"

"தெரியாமப் போட்டுட்டேண்ணே. ஒரு விளக்குதான். ரொசால்பா இருட்டுல வர்றா, வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"இன்னிக்கு விளக்கு. நாளைக்கு ஜன்னல். அப்புறம் கூரை. எல்லாத்துக்கும் வீட்டுக்காரியா நீ நிப்பே. இருபது வருஷம் முடிஞ்சதும் கோர்ட்டுல போய், பாருங்கய்யா, எல்லாம் நான்தான் பாத்தேன்னு சொல்லுவே. எனக்கு மீசை நரைச்சிருக்கு, மூளை நரைக்கல."

"அப்படி நெனைச்சா, பாதி வீட்ட நாளைக்கே எழுதித் தர்றேன்."

"பாதி ஏற்கெனவே என்னுது. என்னுத நீ எனக்கு எழுதித் தர்றியா? நல்லா இருக்கே கதை. அதெல்லாம் வேணாம். எங்க சாவி? எங்கப்பன் வீட்டுக்கு நான் கதவத் தட்டிட்டு நிக்கணுமா?"

சாவி அவள் கோட்டுப் பையில்தான் இருந்தது. எடுத்து அந்த இடுக்கு வழியாக நீட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவளும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள்.

"அப்பா மூத்திரத்துல கெடந்தப்ப பூட்டு மாத்தலையே. பழைய சாவிதான் இருந்துச்சு. அன்னிக்கு எத்தனை தடவை வந்து தொறந்தே?"

உள்ளேயிருந்து அண்ணி எர்னெஸ்தாவின் குரல் கேட்டது. "அந்தத் தட்ட வாங்காதீங்க." கதவு மூடிக்கொண்டது. விதா தட்டோடு படியிறங்கினாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அழுதபடி வந்தாள்.

அக்டோபரில் மற்ற சந்துகளில் எல்லாம் விளக்கு வந்தது. செருப்புக்காரர் சந்து, மாதா சந்து, உப்புச் சந்து, எல்லாவற்றிலும் இரும்புக் கை நீண்டு மஞ்சள் வெளிச்சம் கல்லில் வழிந்தது. நகராட்சித் தலைவர் வந்து ரிப்பன் வெட்டினார். சனங்கள் நாற்காலிகளை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். விதாவும் போய்ப் பார்த்தாள். உப்புச் சந்தில் சுவர் வெடிப்புகள்கூட அழகாக இருந்தன. வயிறு எரிந்தது என்பதை மறைப்பானேன்?

அது வெறும் ஆரம்பம். அந்தச் சந்துகளின் இருட்டில் போதைப் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்களே, அவர்கள் விளக்கைப் பார்த்துத் திருந்திவிட்டார்களா? ஆவியாகப் போய்விட்டார்களா? பழைய ஊரில் இருட்டான இடம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. எல்லோரும் அங்கே வந்துவிட்டார்கள். இதை எந்தத் திட்டமும் கணக்கில் எடுக்கவில்லை. முன்பு கயிற்றுச் சந்தில் இருட்டு மட்டும்தான் இருந்தது. இப்போது இருட்டுக்குள் சிகரெட் நுனிகள் தெரிந்தன, இருமல் கேட்டது, சிரிப்புக் கேட்டது. போலீஸ் அவ்வப்போது முனைவரை வந்து டார்ச் அடித்துவிட்டுப் போனது.

நவம்பரில் ஒரு நாள் ரொசால்பாவின் கைப்பையை எவனோ பின்னாலிருந்து இழுத்தான். வார் அறுந்தது, அவள் முட்டியடித்து விழுந்தாள். பை போனது. வீட்டுக்கு வந்து, ரத்தம் கசிந்த முழங்காலைக் கழுவிக்கொண்டே, அழாமல் சொன்னாள்:

"எனக்குப் போதும்மா. வடக்க போலோஞாவுல என் சிநேகிதி இருக்கா. அவ வேலை செய்யற ஆஸ்பத்திரியில ஆள் எடுக்கறாங்க. அவ ரூம்ல எடம் இருக்கு. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் போறேன்."

"நான்?"

"நீயும் வா."

"நான் வந்தா மறுநாளே நகராட்சிக்காரன் வாசல அடைச்சுடுவான். அப்புறம் ஏதுடி வீடு?"

"வீடு, வீடு, வீடு. உங்கண்ணனும் இதையேதான் சொல்றாரு, நீயும் இதையேதான் சொல்றே. நடுவுல நான்தான் இருட்டுல ஓடிட்டிருக்கேன்."

மகள் சொன்னது விதாவைத் தைத்தது. இவளும் போய்விட்டால் அந்த வீட்டில் என்ன இருக்கிறது, நாலு சுவரும் ஒரு நாற்காலியும். மறுநாள் வேலை முடிந்ததும் பூட்டுக்கடைக்குப் போய்ச் சாவிக்கு ஒரு நகல் வெட்டி வாங்கினாள். கைக்குட்டையில் சுற்றி ஒரோன்சோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அண்ணன் கையில கொடுத்துடு. ஒண்ணும் சொல்லாதே."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணும் வேணாம். அவருக்குப் புரியும்."

சனிக்கிழமைகளில் நூன்சியோ ஓய்வு பெற்றவர்களின் சங்கத்தில் சீட்டாடுவது வழக்கம். ஒரோன்சோ அங்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

"என்ன சொன்னாரு?"

"பிரிச்சுப் பாத்தாரு. மூக்கச் சிந்தினாரு. சட்டைப்பையில போட்டுக்கிட்டு ஆட ஆரம்பிச்சுட்டாரு."

"வேற?"

"தோத்துட்டாரு. எப்பவும் தோக்க மாட்டாரு."

விதா அன்றைக்கு வெகுநாள் கழித்துச் சிரித்தாள். அண்ணனைத் தெரியும் அவளுக்கு. நாலு நாள் யோசிப்பார், ஐந்தாம் நாள் வருவார். வந்தால் என்ன சமைப்பது என்று யோசித்து, மட்டி அடைத்துச் சுட அவளே நல்லதாகப் பொறுக்கி எடுத்து வைத்தாள். ரொசால்பாவிடமும் சொன்னாள்: கொஞ்சம் பொறு, விளக்கு வந்துவிடும், போலோஞாவுக்கு இப்போதே பதில் எழுதாதே. மகள் தோளைக் குலுக்கினாள். ஆனால் எழுதவில்லை.

நூன்சியோ வந்தார், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே. பகலில் வந்திருக்கலாம். பூசை முடிந்து, வெயிலில், ஊரே பார்க்க வந்திருக்கலாம். அப்படிப் பார்க்கக்கூடாது என்றுதான் அவர் பகலில் வரவில்லை. நூன்சியோ முதலில் இறங்கிப்போனார், தங்கச்சி வீட்டுப் படியை அவர்தான் முதலில் மிதித்தார் என்று நாலு பேர் பேசக்கூடாதாம். இருட்டட்டும் என்று பாலத்தடியில் சுற்றிக்கொண்டிருந்தாராம். இந்த ரோஷத்தை என்ன செய்வது? எங்கள் ஊரில் ஆம்பிளைகள் சமாதானத்துக்குப் போவதென்றாலும் திருடனைப்போலத்தான் போவார்கள்.

இருட்டிய பிறகு ரொசால்பா வேலை முடிந்து வந்தாள். அன்றைக்கு ஓடிவந்தாள். விதா கதவைத் திறந்து இழுத்துக்கொண்டாள்.

"யாரோ ஒரு ஆளுமா. கீழ கெடக்கான். மொனகுறான். நான் தாண்டறப்ப, பொண்ணே, பொண்ணேன்னு கூப்பிட்டான்."

"நின்னியா?"

"நிக்கல."

"நல்ல காரியம் செஞ்சே." தாழ்ப்பாளைப் போட்டாள். மேலே ஒன்று, கீழே ஒன்று.

"வயசானவன் கொரல் மாதிரி இருந்துச்சும்மா."

"போன தடவை பையப் புடுங்கினவன் பொறந்த குழந்தையா? இதெல்லாம் நடிப்பு. குனிஞ்சா வளைச்சுக்குவானுங்க. உக்காந்து சாப்பிடு."

கொண்டைக்கடலைச் சூப்பு. தொலைக்காட்சியில் ஏதோ பாட்டுப் போட்டி. நடுவில் ஒரு முறை ரொசால்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். விதா எழுந்துபோய்த் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினாள்.

ஒரோன்சோ கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் அந்த வழியாகக் குறுக்கே போனான். முன்விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ரிப்பன் கட்டின இனிப்புத் தட்டு, பிறகு ஒரு காலணி. விதாவின் வாசலுக்கு நாலைந்து வீடு முன்னால், படிக்கல்லில் தலை அடிபட்டு நூன்சியோ கிடந்தார். அதற்குள் பேச்சு நின்றுவிட்டிருந்தது. வலது கை மூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் பிரித்தபோது உள்ளே சாவி. யாராவது தள்ளினார்களா, தானாகத் தடுக்கி விழுந்தாரா என்று போலீசுக்கும் தெரியவில்லை, எவருக்கும் தெரியவில்லை. பார்க்க அங்கே வெளிச்சம் இருந்தால்தானே? விடிவதற்குள் உயிர் போய்விட்டது. உள்ளுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். கேட்காமலே சொன்னார். ரொசால்பா அப்போது சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

மாமாவை அவள் சின்ன வயதில் பார்த்ததுதான். குரல் எப்படித் தெரியும்? இதை விதா ஆயிரம் முறை சொன்னாள். ரொசால்பா போலீசிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். ஆகவே ஊருக்கே தெரிந்துவிட்டது.

துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. சொந்தக்காரர்கள்தான் சமைத்துக் கொண்டுபோகவேண்டும். அடக்கம் முடிந்ததும் விதா கோழிச் சாறு வைத்து, தட்டில் பாஸ்தா சுட்டு, துணியில் கட்டிக்கொண்டு அந்த மாடிப்படியை மறுபடி ஏறினாள். இந்தத் தடவை கதவு முழுசாகத் திறந்திருந்தது. கறுப்பு உடையில் எர்னெஸ்தா வாசலுக்கு வந்து நின்றாள்.

"மதினி, ஒரு வாய் சாப்பிடுங்க."

எர்னெஸ்தா பாத்திரத்தைப் பார்க்கவே இல்லை. "சரின்னு சொல்லத்தான் வந்தாரு. தெரியுமா உனக்கு? பகல்ல போங்கன்னேன். கேக்கல. அந்தச் சாவிய ராத்திரியெல்லாம் தலகாணிக்கு அடியில வச்சிருந்தாரு, சின்னப் புள்ளையாட்டம்."

விதா துணிக்கட்டை வாசற்படியில் இறக்கிவைத்தாள்.

"உம்பொண்ணுக்கு என்ன வேலை? விழுந்து கெடக்கற கெழவங்களத் தூக்கி விடறதுக்குத்தானே சம்பளம் வாங்கறா?"

"மதினி, அவமேல தப்பில்ல. நான்தான்..."

"எடுத்துட்டுப் போ. உன் கை பட்டது எனக்கு வேணாம்."

விளக்கு வரவில்லை. சர்வேயர் ஸ்பினெல்லி ஒரு முறை வந்து, தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொல்லிவிட்டு, நிலைமையை விளக்கினார். நூன்சியோவின் பங்கு இப்போது மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் போய்விட்டது. மூத்தவன் ஜெர்மனியில், இளையவன் அர்ஜென்டினாவில். முன்பு ஒருவர் சரி சொன்னால் போதும். இப்போது மூன்று பேர் சொல்லவேண்டும். திட்டமோ பிப்ரவரியோடு முடிகிறது. "பாக்கலாம்மா," என்றார். எதைப் பார்ப்பது? அவருக்கே தெரிந்திருக்கும், முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

கிறிஸ்துமஸ் போனது. ரொசால்பா போலோஞாவுக்குப் போகவில்லை. போகமாட்டேன் என்றாள். விதா இத்தனை நாள் கும்பிட்டுக் கேட்டது இதுதான், கேட்டபடியே கிடைத்தது. ஆனால் கிடைத்த விதம் என்ன? வேலை முடிந்து வருகிறவள் இப்போது ஓடி வருவதில்லை. மாமா விழுந்த இடத்தில் செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பாள். இருட்டில் யார் முனகினாலும் போய்க் குனிவாள். போதையில் கிடக்கிறவனை எழுப்பித் தண்ணீர் கொடுப்பாள். பொட்டலக்காரர்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: "நர்சம்மா." வேண்டுமென்றே முனகிக் கூப்பிடுவார்கள், அவள் போய்க் குனிந்ததும் சிரிப்பார்கள். விதா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்பாள். ஒரு நாள் வெளியே ஓடி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பைத்தியமா உனக்கு? அவனுங்க வெளையாடறானுங்கடி."

"இருக்கலாம். ஒருத்தன் வெளையாடாதவனா இருந்தா?"

"உன்னைக் கொன்னு போட்டுடுவானுங்க."

"போடட்டும். கூப்பிட்டா நான் நிப்பேன். இனிமே எங்கயும் நிக்காமப் போக மாட்டேன்."

அவள் கண்ணில் பயம் இல்லை. அதைப் பார்த்துத்தான் விதாவுக்குப் பயம் வந்தது. போலோஞாவுக்கே போய்விடு என்றாள், மகள் தலையை ஆட்டி மறுத்தாள். விதா கெஞ்சினாள், அழுதாள், ஒரோன்சோவை விட்டுப் பேசச் சொன்னாள். "உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா போவேன்? மாமா என்னாலதான் போனாரு. நீயாவது இருக்கணும்," என்றாள் மகள். பாசத்தோடு சொன்னாள். அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு இவளை அசைக்க முடியாது என்று விதாவுக்குத் தெரிந்துபோயிற்று.

ஜனவரியில் ஒரு மத்தியானம். விதா மட்டி நாற்றத்தோடு வந்து கையைக் கழுவினாள். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மகள் மேசையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். விதா உள்ளே போய், பீனோவின் பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, மகளின் துணிகளை மடிக்காமல் அதில் திணித்தாள். பெட்டியைக் கொண்டுவந்து மகள் காலடியில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"சாயங்கால ரயிலுக்குப் போ."

"நான்தான் சொன்னேன்ல..."

"நீ சொன்னது கெடக்கட்டும். நான் சொல்றதக் கேளு." விதா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீ இங்க இருக்கற ஒவ்வொரு நாளும் உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு எங்கண்ணன்தான் தெரியறாரு. நீ சாப்பிடறதப் பாத்தா, அன்னிக்குச் சாப்பிட்டது ஞாபகம் வருது. கூடப் பொறந்தவன் சந்துல கெடந்து சாக, தாண்டி வந்தவளுக்கு நான் சோறு போட்டுட்டு இருக்கேன். என்னால முடியல. போயிடு."

ரொசால்பாவின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது.

"அம்மா, நீதானே சொன்னே, நிக்காதேன்னு."

"ஆயிரம் சொல்லுவேன். உனக்குப் புத்தி எங்க போச்சு?"

இதைவிடப் பெரிய பொய்யை விதா தன் வாழ்நாளில் சொன்னதில்லை. தாழ்ப்பாளைப் போட்டது யார் கை, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டியது யார் கை என்று ஒவ்வொரு நாளும் தன்னையே பிறாண்டிக்கொண்டிருந்தவள் அவள். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மகள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். அப்புறம் அந்தப் பெட்டியைத் தொட்டிருக்கவே மாட்டாள். ஆகவே விதா சொல்லவில்லை. ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம், குழாய்ச் சத்தம், பெட்டியின் பூட்டு மாட்டுகிற சத்தம். மகள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள் போலிருந்தது. விதா திரும்பவில்லை. திரும்பியிருந்தால் முகம் காட்டிக் கொடுத்திருக்கும். பிறகு வெயிலில் சந்தோடு போகிற காலடிகள் கேட்டன, ஓடாத காலடிகள்.

ரொசால்பா அம்மாவுக்கு போன் செய்வதில்லை. ஒரோன்சோ கடைக்குச் செய்கிறாள், வாரம் ஒரு முறை, இரண்டு முறை. வேலைக்குப் போகிற வழியில் விதா தினமும் கடையில் நின்று ஒரு வாய் காப்பி குடிக்கிறாள்.

"நேத்து பேசினாக்கா."

"சாப்பிடறாளாமா?"

"சாப்பிடறாளாம். குளிராம். நீ எப்படி இருக்கேன்னு கேட்டா. அவமேல உனக்குக் கோபம் தீந்துச்சான்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தச் சொல்ல? அக்கா, இது நல்லால்ல. அந்தப் பொண்ணு அங்க செத்துக்கிட்டிருக்கா. ஒரு வார்த்தை பேசு. இரு, இப்பவே போட்டுத் தர்றேன்." ஒரோன்சோ கல்லாப்பெட்டிமேல் கிடந்த போனை எடுத்தான்.

விதா குவளையைக் கீழே வைத்தாள். "இன்னும் தீரலைன்னு சொல்லு," என்றாள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்தாள். ஒரு வார்த்தை பேசிவிட்டால் அந்தப் பெண் அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்துவிடுவாள்.